பேச்சியம்மாள் பேரில் ஒரு சீட்டு

நெய்வேலியில் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்களில் நிச்சயதார்த்தம் என்றால் ஓலை வாசிக்கச் சங்கரலிங்கத்தைத்தான் கூப்பிடுவார்கள். ஓலை என்று பெயர்தானே தவிர, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய வெள்ளைத் தாள்தான். சொந்த ஊரில் இருந்தால் அதை வாசிக்கவென்றே ஒரு பெரிய வீட்டு ஆள் இருப்பார். இங்கே எல்லோரும் வேலைக்கு வந்து, நம்பர் போட்ட பிளாக்கில் நம்பர் போட்ட குவார்ட்டர்ஸில் குடியேறியவர்கள். சபைக்கு ஒரு குரல் வேண்டியிருந்தது. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய குரல் ஃபோர்மேன் சங்கரலிங்கத்திடம் இருந்தது. ஆறடி உயரம், கஞ்சி போட்ட வேட்டி. இன்னார் பேரன், இன்னார் மகன், இன்னார் பேத்தியை இன்ன நாளில் மணம் முடிப்பதாக என்று அவர் வாசித்து நிறுத்தும்போது, கல்யாணமே அங்கே முடிந்துவிட்டது போலிருக்கும். பதினாறு வருடத்தில் எழுபது ஓலைக்குக் குறையாமல் வாசித்திருப்பார்.

எண்பத்து நாலாம் வருடம் ஆவணியில், சுப்பிரமணியன் என்பவர் வீட்டு விசேஷத்தில், மூன்றாவது வரியில் தாள் நடுங்கியது. மைக்குக்குப் பக்கத்தில் பிடித்திருந்ததால் அந்தச் சலசலப்பு கூடம் முழுக்கக் கேட்டது. மாப்பிள்ளையின் தாத்தா பெயர் கண்ணுக்குத் தெரிந்தது, வாய்க்கு வரவில்லை. சட்டைக்குள் வேர்வை ஓடியது. பின்வரிசையிலிருந்து யாரோ, "காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டாரு போல" என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். வாழ்நாளில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர் அவர். "கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டேன்" என்று சொல்லித் தாளைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது.

அன்றிலிருந்து கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. தனியாக இருக்கும்போது ஒன்றுமில்லை. லாக் புக் எழுதும்போது என்ஜினியர் வந்து பக்கத்தில் நின்றால் நடுங்கும். அடுத்தவர் வீட்டில் காபி டம்ளரை நீட்டினால் நடுங்கும். வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார். யார் பத்திரிகை வைத்தாலும், "அன்னைக்கு எனக்கு செகண்ட் ஷிப்ட்" என்றார்.

இப்படியே ஓய்வு பெறும் வரை ஓட்டியிருப்பார். ஆனால் கார்த்திகையில் மகள் தனபாக்கியத்துக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை கடலூரில் பேங்க் வேலை. மாப்பிள்ளையின் அப்பா நல்லசாமியும் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். ஆறாவது பிளாக்கில் இருந்தார். தை மாதம் நிச்சயதார்த்தம் என்று பேசி முடித்தபோது நல்லசாமி சொன்னார்: "ஓலைய நீங்கதான் வாசிக்கணும் அண்ணாச்சி. ஊருக்கெல்லாம் வாசிச்ச குரலு, ஒங்க மகளுக்கு வேற ஆளா வாசிக்கது?"

சங்கரலிங்கம் மறுநாளே கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் போனார். ரத்தம் எடுத்தார்கள், முட்டியில் தட்டிப் பார்த்தார்கள். உடம்பில் ஒன்றும் இல்லை என்று சொல்லி, சனிக்கிழமை வரும் மனநல நிபுணரைப் பார்க்கும்படி எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை அவர் நாலாக மடித்துச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டார். சித்தப்பா ஒருவருக்குப் புத்தி பேதலித்ததால் இரண்டு அத்தைகளுக்கு வந்த வரனெல்லாம் திரும்பிப் போனதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். மகளுக்கு ஓலை எழுதப் போகிற நேரத்தில், அப்பனுக்கு மனசு சரியில்லை என்று ஊர் பேசினால்?

சனிக்கிழமை கவுண்டரில் அந்தத் தாளை வெளியே எடுக்காமல், குடும்பத்துக்குக் கம்பெனி கொடுத்த மெடிக்கல் புத்தகத்தை மட்டும் நீட்டினார். அதில் மூன்று பெயர்கள் இருந்தன. அவர், மனைவி பேச்சியம்மாள், மகள் தனபாக்கியம்.

"யாருக்கு சீட்டு?" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

மகள் பெயரை நினைத்தே பார்க்க முடியாது. தன் பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லை. "வீட்டுக்காரிக்கு" என்றார். அந்த நேரத்தில் அது பெரிய தப்பாகவும் படவில்லை. வீட்டில் எல்லாமே அவர் பெயரில்தான் இருந்தது. இந்த ஒன்று அவள் பெயரில் இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் தோன்றியது.

வராண்டாவில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அரை மணி நேரம் கழித்து, அட்டெண்டர் கதவைத் திறந்து உரக்கக் கூப்பிட்டார்: "பேச்சியம்மா. பேச்சியம்மா சங்கரலிங்கம். யாருங்க, வந்துக்கிறாங்களா?"

சங்கரலிங்கம் எழுந்து உள்ளே போனார்.

டாக்டர் அக்தர் பேகத்துக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பரங்கிப்பேட்டைக்காரர், பெங்களூரில் படித்தவர். சீட்டைப் பார்த்தார், அதை நீட்டிய கையைப் பார்த்தார்.

"அம்மா வரலீங்களா ஐயா?"

"அவளுக்கு வெளிய வரக் கூச்சம். எங்கிட்ட சொல்லுங்க, நான் போய்ச் சொல்லிக்கிடுதேன்."

"சரி. அவங்களுக்கு என்ன பண்ணுது?"

சங்கரலிங்கம் சொன்னார். நாலு பேர் முன்னால் நின்றால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், வேர்க்கும், கை நடுங்கும்.

"நடுங்குறப்ப மனசு என்ன சொல்லுதாம்?"

இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. "எல்லாரும் பாக்குறாங்க. மானம் போச்சு. இனி தலை நிமிர முடியாது. அப்படித்தான்."

டாக்டர் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, அளவுகோல் வைத்து மூன்று கட்டம் போட்டார். நடந்தது என்ன, மனசு சொன்னது என்ன, அதை நூற்றுக்கு எவ்வளவு நம்பினேன். "மாத்திரை வேண்டாம். ஒரு வாரம் இதை எழுதச் சொல்லுங்க. அடுத்த வாரம் அவங்களைக் கூட்டிட்டு வாங்க."

எழுதினார். பேச்சியம்மாள் கேட்டபோது ஷிப்ட் கணக்கு என்றார். முதல் இரண்டு நாள் ஜாக்கிரதையாக, கோயிலில், கடையில் என்று பெண்பிள்ளைக்குப் பொருந்துகிற மாதிரி மாற்றி எழுதினார். பிறகு எழுத்து அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அடுத்த சனிக்கிழமையும் தனியாகத்தான் போனார். டாக்டர் நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்று, நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா செகண்ட் ஷிப்ட் போறாங்களா ஐயா?"

சங்கரலிங்கம் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"உட்காருங்க. நீங்க போன வாரம் சீட்டை நீட்டினப்பவே தெரியும். நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். ஆனா சீட்டு உங்க பேருக்கு மாறணும். ஒருத்தர் பேர்ல இன்னொருத்தருக்கு வைத்தியம் பாக்க முடியாது."

"அடுத்த வாரம் மாத்திருதேன்" என்றார் சங்கரலிங்கம், தரையைப் பார்த்து.

டாக்டர் நோட்டை அவர் பக்கம் திருப்பினார். "பெல்ட் நின்னுபோனா லாக் புக்ல என்ன எழுதுவீங்க?"

"நின்ன நேரம். காரணம். என்ன செஞ்சோம்ங்கிறது."

"பெல்ட்டு மானம் போச்சு, இனி அது தலை நிமிராதுன்னு எழுதுவீங்களா?"

சங்கரலிங்கத்துக்கு உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டார்.

"உங்களுக்கு நீங்க அப்படித்தான் எழுதியிருக்கீங்க. நடந்தது, கை நடுங்கினது. அவ்வளவுதான். மத்ததெல்லாம் மனசு எழுதின ரிப்போர்ட். அது நெசமா இல்லையான்னு போய்ப் பாத்துட்டு வாங்க. பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில நின்னு, கைய ஒளிக்காம டீ குடிங்க. எத்தனை பேர் பாக்குறாங்கன்னு எண்ணிட்டு வாங்க."

எல்லோரும் பார்ப்பார்கள், நூற்றுக்கு நூறு என்று நோட்டில் எழுதிவிட்டுத்தான் டீக்கடைக்குப் போனார். கிளாஸ் தளும்பி விரலைச் சுட்டது. கடையில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒருவர் பார்த்தார். பார்த்தவர், "அண்ணாச்சி, பண்ருட்டி பஸ் போயிருச்சா?" என்று கேட்டார். சங்கரலிங்கம் வீட்டுக்கு வந்து நூறை அடித்து முப்பது என்று திருத்தினார். அந்த வாரம் என்ஜினியர் பக்கத்தில் நின்றபோதும் கையை மேசைக்கு அடியில் கொண்டு போகவில்லை. நடுங்கியது, நடுங்கிக்கொண்டே எழுதி முடித்தார்.

வைத்தியம் கேட்டது. ஆனால் சீட்டு மாறவில்லை. மூன்றாவது சனிக்கிழமை கவுண்டரில் நின்றபோது பின்னால் அவர் செக்‌ஷன் ஆள் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். "அதே பேருதான்" என்றார். டாக்டரிடம், மாதம் முடியாமல் பெயர் மாற்ற மாட்டோம் என்று கவுண்டரில் சொல்கிறார்கள் என்றார். அப்படி யாரும் சொல்லவில்லை. ஆக, ஐந்து சனிக்கிழமைகள் பேச்சியம்மாளின் பெயர் அந்த வராண்டாவில் உரக்கக் கூப்பிடப்பட்டது.

பக்கத்து குவார்ட்டர்ஸ் பொன்னம்மாள், பஜாருக்குப் போகும்போது தன் பிள்ளையைப் பேச்சியம்மாளிடம்தான் விட்டுப்போவாள். ஒரு நாள் சாதம் போடும்போது பேச்சியம்மாள் சொன்னாள்: "பொன்னம்மா இப்பல்லாம் பிள்ளைய இங்க விடுததில்ல. பால் பூத்துலயும் நான் போனா பேச்சு நின்னுபோவுது. நான் யாருக்கு என்ன செஞ்சேன்னு தெரியல."

அவர் ரசம் கேட்டார். மறுநாள் ஷிப்ட் முடிந்து வரும்போது பொன்னம்மாள் பிள்ளையை அதட்டுவது காதில் விழுந்தது. "அந்த வூட்டாண்ட நின்னுகினு இருக்காதடா, இந்தாண்ட வா." சங்கரலிங்கத்துக்கு விளங்கிவிட்டது. விளங்கியும், டாக்டரம்மா கற்றுக்கொடுத்ததையே எடுத்துத் தனக்குச் சொல்லிக்கொண்டார்: இதெல்லாம் மனசு எழுதுகிற ரிப்போர்ட், சாட்சி இல்லை.

நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது சாட்சி வந்தது. ஷிப்ட் பஸ்ஸுக்கு நின்றவரை நல்லசாமி தனியே அழைத்தார்.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடக் கூடாது. தட்டு மாத்தும்போது மதினிக்குப் பதிலா ஒங்க தங்கச்சி பெரியநாயகி நிக்கட்டுமேன்னு எம் வீட்டுக்காரி நாகம்மா அபிப்பிராயப்படுதா. மதினிக்கு மனசு சொகமில்லைன்னு கேள்விப்பட்டோம். கூட்டத்துல ஏதும் ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சின்னா நம்ம ரெண்டு பேருக்கும்தான கொறச்சல். பொண்ணு மேல ஒரு கொறையும் சொல்லல."

மகளின் நிச்சயத் தட்டைப் பெற்ற தாய் தொடக் கூடாது என்கிறார்கள். அதை மறுக்க ஒரே ஒரு வார்த்தை போதும்.

"சரி" என்றார் சங்கரலிங்கம். அதைச் சொல்லும்போது அவர் கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டு போனார். ஐம்பத்தாறு வயது வரை குடும்பத்தின் மானத்தைக் காத்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு மனிதனை அவருக்கு அன்று அடையாளம் தெரிந்தது.

வீட்டில் பேச்சியம்மாள் முறத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னார். "தட்டு மாத்துததுக்குப் பெரியநாயகி நிக்கட்டும்ங்காங்க."

"ஏன், எனக்கென்ன?"

சொல்லாமல் இருக்க வழியில்லை. ஆவணியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. முடித்ததும் கேட்டாள்:

"எம் பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்களா?"

"ஆமா."

"எத்தனை வாட்டி?"

"அஞ்சு."

"அஞ்சு வாட்டியும் நீங்க எந்திரிச்சுப் போனியளா?"

"போனேன்."

"ஒங்களுக்கு வாக்கப்பட்டு இருபத்தஞ்சு வருசம். ஒரு வாட்டி எம் பேரச் சொல்லிக் கூப்பிட்டதில்ல. ஊருல நாலு பேரு கூப்பிடட்டும்னு விட்டிருக்கிய." அவள் குரல் உயரவில்லை. "நல்லசாமி அண்ணன் கேட்டதுக்கு என்ன சொன்னிய?"

"சரின்னுட்டேன்" என்றார். அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"நாளைக்கே போய் நல்லசாமிகிட்ட சொல்லிருதேன்" என்றார்.

"அவருகிட்ட மட்டும் சொன்னா? பொன்னம்மாவுக்கு யாரு சொல்லுவா? பால் பூத்துல நிக்கவளுகளுக்கு? உரக்கக் கூப்பிட்டதை உரக்கத்தான் சொல்லணும். சபையில, ஓலை வாசிக்கதுக்கு முன்னால சொல்லுங்க. முடியலைன்னா பெரியநாயகியே நிக்கட்டும், நான் சமையக்கட்டுல இருந்துக்கிடுதேன். கிறுக்கச்சி கை பட்ட கேசரி அவங்களுக்கு எறங்குமான்னும் கேட்டுக்கிடுங்க."

அந்தச் சனிக்கிழமை கவுண்டரில் தன் பெயரைச் சொன்னார். சங்கரலிங்கம் என்று அட்டெண்டர் கூப்பிட்டபோது நாலைந்து தலைகள் திரும்பின. உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னார், கவுண்டர் விஷயத்தில் சொன்ன பொய் உட்பட.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "நீங்க சொன்னதை நானும் விசாரிக்காம விட்டேன். அது என் தப்பு." பிறகு கேட்டார்: "சபையில சொன்னா என்ன ஆகும்ங்குது மனசு?"

"சிரிப்பாங்க. சம்பந்தம் முறியும். இனி ஒரு பய ஓலைக்குக் கூப்பிட மாட்டான்."

"நூத்துக்கு எவ்வளவு?"

"நூறு."

"அது வரைக்கும் நோட்டுல எழுதலாம். போய்ப் பாத்துட்டு வந்து திருத்தலாம். உங்க வீட்டம்மாவுக்கு நடந்தது?"

"அது நெனப்பு இல்ல டாக்டரம்மா. அது நடந்தது."

"ஆமா. கை நடுங்குற வெட்கம் தேவையில்லாத வெட்கம், அதைக் கொறைக்க நான் உதவி பண்றேன். இந்த வெட்கம் சரியான வெட்கம் ஐயா. இதை நான் கொறைக்க மாட்டேன்."

மறுநாள் நல்லசாமி வீட்டுக்குப் போய்ச் சொன்னார். நல்லசாமி, "சபையில எதுக்கு அண்ணாச்சி அதெல்லாம்? நமக்குள்ள இருக்கட்டும். மதினியே தட்டு மாத்தட்டும். ஓலைய வேற ஆளு வாசிச்சிட்டுப் போறான். ஒங்க மானம் எங்க மானம் இல்லையா?" என்றார்.

எவ்வளவு நல்ல வழி. ஒரு மாதம் முன்பென்றால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்.

"எனக்கு அது போதும்" என்றார் சங்கரலிங்கம். "அவளுக்குப் போதாது."

தை மாதம், ஞாயிற்றுக்கிழமை, பிளாக்கின் சமூகக் கூடத்தில் நூறு பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். நாலரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். அவர் சபையில் சொல்லும் வரை மேடை ஏற மாட்டேன் என்று பேச்சியம்மாள் சமையலறை வாசலில், எண்ணெய்க் கறை பட்ட நூல் சேலையில் நின்றிருந்தாள். மேடையில் பெரியநாயகி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

சங்கரலிங்கம் மைக் முன்னால் நின்றார். தாளை எடுத்ததுமே அது சலசலத்தது.

"ஓலைக்கு முன்னால ஒரு விஷயம். அஞ்சு வாரமா பேச்சியம்மாள்ங்கிற பேர்ல சீட்டு எடுத்து, மனசுக்கு வைத்தியம் பாத்தது நான். நாலு பேரு முன்னால நின்னா எனக்குக் கை நடுங்கும். இப்பவும் நடுங்குது, பாருங்க. எம் பேர எழுத வெக்கப்பட்டு, எம் மனைவி பேர எழுதினேன். பேச்சியம்மாளுக்கு ஒரு கொறையும் கெடையாது. கொறை என்னுது. அதை மறைச்சது அதைவிடப் பெரிய கொறை."

யாரோ சிரித்தார்கள், அதை யாரோ அதட்டினார்கள். முன்வரிசையில் பொன்னம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "சரி, வாசிங்க அண்ணாச்சி, மணி நாலு ஆகுது" என்றார்.

வாசித்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தாள் ஆடியது. இரண்டு இடத்தில் வரி தவறி, திரும்பப் பிடித்தார். பழைய குரல் இல்லை. ஆனாலும் இன்னார் பேரன், இன்னார் பேத்தி எல்லாம் வந்து சேர்ந்தார்கள்.

நாகம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி, சமையலறை வாசலுக்கு நடந்து போனாள். "வாங்க மதினி" என்றாள். "வந்து வாங்கிக்கிடுங்க. நான் பேசினது தப்பு."

பேச்சியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். தட்டைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள்.

"இந்தச் சேலையோடயா? இருங்க, மாத்திக்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சபை காத்திருந்தது. மணி நாலு தாண்டியது. நாகம்மாள் தட்டோடு கதவுக்கு வெளியே நின்றாள். பெரியவர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மூன்றாவது தடவை பார்க்காமல் விட்டுவிட்டார். அவசரப்படுத்த யாருக்கும் வாய் வரவில்லை. வாசித்து முடித்த தாளோடு சங்கரலிங்கம் மேடை நடுவே, செய்ய ஒன்றுமில்லாமல், அத்தனை பேர் கண்ணுக்கும் முன்னால் நின்றுகொண்டிருந்தார். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. கை நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பின்னால் கட்டிக்கொள்ளத் தோன்றியது, கட்டவில்லை. அவள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறாளோ, எடுத்துக்கொள்ளட்டும்.